சஹன் தட்டில் ஓர் எல்லைக்கோடு

ஜார்ஜ்டவுன், பினாங்கு

அன்பு மருமகள் ஃபஸீலாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

இங்கே நானும் உன் மாமி நூர் பீவியும் இறைவன் கருணையில் சுகம். கோலாலம்பூரில் நீயும், ஆஸ்பத்திரியில் உன்னிடம் உணவு ஆலோசனை கேட்டு வருகிறவர்களும் சுகமாக இருக்க வேண்டும். அவர்களில் யாரும் என்னைப் போல உன் பொறுமையைச் சோதிக்கவில்லை என்றே நம்புகிறேன். ஆனால் இது நல்ல செய்தி சொல்லும் கடிதம். எனக்கும் சோற்றுக்கும் இருந்த தகராறு தீர்ந்துவிட்டது.

காலையில் நெய் ஒழுகும் ரொட்டி சானாய் ஒன்று சாப்பிட்டுவிட்டு, அதற்குத் தண்டனையாக இரவு பட்டினி கிடக்கிற ஆள் நான் என்பது உனக்குத் தெரியும். "சாப்பாடு பாவம் இல்ல மாமா. பசிச்சா சாப்பிடுங்க, போதும்னா நிறுத்துங்க. கொஞ்ச நாளைக்கு மட்டும் அளந்து பாருங்க, கண்ணு பழகிடும்" என்று போனில் சொன்னாய். நில அளவைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவனிடம் இத்தனை சொன்னால் அவனுக்கு எது காதில் விழும்? அளப்பது மட்டும் விழுந்தது. அன்றே தராசு வாங்கினேன். சோறு, மீன், வெள்ளரிக்காய் எல்லாம் அதில் ஏறி இறங்கிய பிறகுதான் என் தட்டுக்கு வந்தன. உன் மாமி, "சோறு ஆறிப் போச்சு. நீங்க நகைக்கடைக்காரங்க வீட்டுல பொண்ணு எடுத்திருக்கணும் லா" என்றாள்.

இப்படி இருக்கையில்தான், நீ விடுப்புக் கிடைக்காமல் வர முடியாமல் போன, என் மகன் சாதிக்கின் நிச்சய விருந்து வந்தது. பெண் ஷாஹிராவின் வீடு பட்டர்வொர்த்தில். அவள் தகப்பனார் பஷீர், அங்கே மாக் மண்டின் பகுதியில் கார் வொர்க்ஷாப் வைத்திருக்கிறார். கையில் தராசுப் பையோடு காரில் ஏறினேன். கடல் பாலத்தில் ஏறுமுன்பே உன் மாமி அதைப் பிடுங்கித் தன் காலடியில் வைத்துக்கொண்டாள். அங்கே போனால் தனித்தனித் தட்டு இல்லை, சஹன் விருந்து. ஒரே பெரிய தட்டில் நெய்ச்சோறு, நடுவில் ஆட்டிறைச்சி; சுற்றி நான், பஷீர், அவருடைய அண்ணன். ஒரே குவியலில் மூன்று கைகள் போனால் நான் சாப்பிட்டது எவ்வளவு என்று எப்படித் தெரியும் என்று எனக்கு வியர்த்தது. பிஸ்மில்லாஹ் சொன்னார்கள், நானும் சொன்னேன், அடுத்த நிமிடம் என் ஆள்காட்டி விரல் நெய்ச்சோற்றில் இரண்டு வாய்க்கால் வெட்டி எனக்குரிய மூன்றிலொரு பங்கைப் பிரித்துவிட்டது. எல்லை துல்லியமாகத்தான் வந்திருந்தது. அந்த நேரம் பார்த்துப் பரிமாற வந்தவர் தால்ச்சா குழம்பை ஊற்ற, அது வாய்க்கால் வழியாக ஓடி எல்லார் கண்ணுக்கும் என் எல்லையைக் காட்டிக் கொடுத்தது.

பஷீரின் கை நின்றது. அவருடைய அண்ணன், "என்ன சம்பந்தி, எங்க கை சுத்தமில்லையா?" என்றார்.

"அப்படி இல்லைங்க... ஒரு பழக்கம்" என்றேன்.

"பொண்ணையே உங்க வீட்டுக்குக் கொடுக்கறோம் அண்ணே, சோத்துல வேலி போட்டா எப்படி?" என்றார் பஷீர். சிரித்துக்கொண்டு சொல்லவில்லை.

பக்கத்துத் தட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்த சாதிக்கின் முகத்தைப் பார்த்தேன். அந்தப் பிள்ளையின் கல்யாணம் இரண்டு வாய்க்காலில் போய்விடுமோ என்று பயந்தேன். என்ன விளக்கம் சொன்னாலும் தராசில்தான் போய் முடியும் என்பதால் என் கையாலேயே கோட்டை அழித்தேன். சோறு மறுபடி ஒன்றானது. பஷீர் ஒரு நல்ல இறைச்சித் துண்டை எடுத்து என் பக்கம் வைத்தார். "எடுங்கண்ணே, கூச்சப்படாதீங்க லா." எடுத்தேன். இன்னொன்று வந்தது. அதற்குப் பிறகும் வந்தது. எடை தெரியாமல், பயம் இல்லாமல், பேசிச் சிரித்துச் சாப்பிட்டேன் ஃபஸீலா. வயிறு நிறைந்ததும் கை தானாக நின்றது. நீ சொன்னது இதுதான் என்று நினைக்கிறேன். வீட்டுக்கு வந்து தண்டனை எதுவும் கொடுத்துக்கொள்ளவில்லை, இரவு வாழைப்பழமும் சாப்பிட்டேன். ஒரு மனிதர் அன்பாக எடுத்து வைக்கிற உணவு உடம்புக்குக் கெடுதல் செய்யாது என்று இப்போது உறுதியாகச் சொல்வேன். இதை நீ உன் நோயாளிகளுக்கும் தாராளமாகச் சொல்லலாம்.

உனக்கு நீண்ட ஆயுளும், வேளைக்குப் பசியும், பகிர்ந்து உண்ண நல்ல துணையும் கிடைக்க நாங்கள் இருவரும் துஆ செய்கிறோம்.

உன் மாமா,
நாகூர் மீரான்

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் ஷாஹிரா போன் செய்தாள். "மாமா, ரொம்ப நன்றி. வாப்பாவுக்கு ரத்தத்துல கொழுப்பு அதிகம், ஆட்டிறைச்சி தொடவே கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காங்க. சபையில சொல்ல வெட்கப்பட்டுக்கிட்டு இருந்தாங்க. நல்ல வேளை, அவங்க பங்கு எல்லாத்தையும் நீங்களே சாப்பிட்டீங்களாம்" என்றாள். உன் நோயாளிகளிடம் இப்போதைக்கு எதையும் சொல்ல வேண்டாம். இரண்டு பேர் பங்கு இறைச்சி உள்ளே போயிருக்கும் நிலையில் நான் எப்போது இரத்தப் பரிசோதனைக்குப் போவது நல்லது என்று உடனே எழுது. கல்யாண விருந்திலும் எனக்கும் பஷீருக்கும் ஒரே தட்டுத்தானாம். அவர் இப்போதே கேட்டு வைத்துவிட்டாராம்.