கொடைப் பிரிவு

குடிநீர் வாரிய இயக்குநரின் தலையில் முடி முளைத்த செய்தி, அலுவலக நடைமுறைப்படி மேலிருந்து கீழாகத்தான் பரவியது. முதலில் துணை இயக்குநர் பார்த்தார். பார்த்துவிட்டுப் பார்க்காதவர் போல இருந்துகொண்டார். பிறகு நேர்முக உதவியாளர் பார்த்து, "லீவு முடிஞ்சு வந்ததும் நல்லா பொலிவா இருக்கீங்க சார்" என்றார். பொலிவு எந்த இடத்தில் என்று சொல்லவில்லை. கடைசியாகப் பின்கட்டுக்கு, பழுதுநீக்கப் பிரிவின் கண்காணிப்பாளருக்கு, அந்தச் செய்தி வந்து சேர்ந்தபோது அதற்கு ஓர் அரசாணையின் எடை ஏறியிருந்தது. இனி இந்த வாரியத்தில் வழுக்கை என்பது மேலிடத்தின் விருப்பத்துக்கு மாறானது.

கண்காணிப்பாளருக்கு வழுக்கை. அதுவும் விதிமுறை தவறாமல் வந்த வழுக்கை. முதலில் நெற்றியின் இரண்டு மூலைகளிலும் அனுமதி பெற்று நுழைந்தது. பிறகு உச்சியில் ஒரு கிளை திறந்தது. இரண்டும் ஒன்றையொன்று நோக்கி நடந்து, ஒருநாள் சந்தித்துக் கைகுலுக்கின. இடது காதுக்கு மேல் வளர்ந்த சில முடிகளைத் தினமும் காலையில் தண்ணீர் தொட்டு வலது காது வரை இழுத்துவிடுவார். மேம்பாலத்தில் போகும் பேருந்துகளைப் போல அவை வழியில் எங்கேயும் நிற்காமல் கடந்து போயின.

வழுக்கையால் அவருக்கு இதுநாள்வரை ஒரு குறையும் இருந்ததில்லை. பின்கட்டில் அவரை யாரும் பார்த்ததும் இல்லை. துருப்பிடித்த குழாய்த் துண்டுகளுக்கும் மோட்டார் இரைச்சலுக்கும் நடுவே, ஒரு சன்னலும் இல்லாத அறையில், அவருடைய பணிக்காலம் முழுவதும் போய்விட்டது. இப்போது வாரியத்துக்குப் புதிதாக ஒரு முகப்புக் கூடம் கட்டியிருந்தார்கள். கண்ணாடிச் சுவர், குளிரூட்டி, குறை சொல்ல வருகிறவர்கள் உட்காரச் சோபா. எல்லாவற்றுக்கும் நடுவில் முகப்பு அலுவலருக்கென்று ஒரு சுழல்நாற்காலி. பணிமூப்புப்படி அது கண்காணிப்பாளருக்கு வரவேண்டியது. ஓய்வு பெறுவதற்கு முன் ஒரு வருடமாவது வெளிச்சத்தில் உட்கார்ந்துவிட்டுப் போகவேண்டும். அவருக்கு வேறு ஆசை கிடையாது.

இயக்குநர் அவரைக் கூப்பிட்டனுப்பினார்.

"அந்தச் சேர் உங்களுக்குத்தான். சீனியாரிட்டிய நான் மீறமாட்டேன். ஆனா..." இயக்குநர் அவருடைய நெற்றியைப் பார்த்தார். நெற்றி முடிகிற இடம் தட்டுப்படாததால் பார்வை அப்படியே மேலேறி மறுபக்கம் இறங்கிவிட்டது. "உள்ள வர்ற ஜனங்க முதல்ல எதைப் பாப்பாங்க?"

"குழாய்ல தண்ணி வருதான்னு பாப்பாங்க சார்."

"அது வீட்ல பாக்கறது. நம்ம ஆபீஸ்ல?"

"என்னைப் பாப்பாங்க சார்."

"உங்க தலையைப் பாப்பாங்க. பாத்ததும் என்ன தோணும்? வறட்சின்னு தோணும். குடிநீர் வாரியத்துல நுழைஞ்சதும் வறட்சி தெரியலாமா?"

"தெரியக்கூடாது சார்."

"நான் போன டாக்டர்கிட்டயே போங்க. சும்மா கேட்டுட்டு வாங்க. என்ன சொன்னார்னு எனக்கும் சொல்லுங்க."

மேலதிகாரி சும்மா கேட்டுவிட்டு வரச் சொன்னால் அது சும்மா அல்ல என்பது கண்காணிப்பாளருக்குத் தெரியும். மறுநாளே போனார்.

மருத்துவரின் காத்திருப்பறையில் ஆண்கள் தொப்பி போட்டுக்கொண்டு, செய்யக்கூடாத காரியத்துக்கு வந்தவர்களைப் போல, ஆளுக்கொரு சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். எதிரே படங்கள். சிகிச்சைக்கு முன்பு எடுத்த படத்தில் எல்லோரும் அழுதுவடிந்தார்கள். பின்பு எடுத்ததில் எல்லோரும் சிரித்தார்கள். முடியோடு சேர்த்துப் பல்லும் சட்டையும்கூடப் புதிதாக முளைத்திருந்தன.

மருத்துவர் ஒரு பேனாவால் அவர் தலையில் கோடு போட்டார். மனை அளக்கிறவரின் நிதானம் அவரிடம் இருந்தது.

"பயப்படாதீங்க சார். நாங்க புதுசா எதையும் உண்டாக்கறதில்ல. பின்னால இருக்கறதை எடுத்து முன்னால நடறோம். அவ்வளவுதான்."

"அப்ப மொத்தத்துல முடி கூடாதா டாக்டர்?"

"கூடாது. இடம் மாறும்."

"பின்னால?"

"குறையும். பின்னால யார் சார் பாக்கப்போறாங்க?"

கண்காணிப்பாளர் கொஞ்சம் யோசித்தார். "பின்னால இருக்கறது மட்டும் ஏன் கொட்டறதில்ல?"

"அதோட குணம் அப்படி. முன்னால உள்ளது உதிரும். பின்னால உள்ளது கடைசிவரை நிக்கும். அதனாலதான் அதைப் பிடுங்கறோம்."

இத்தனை வருடம் பின்கட்டில் நின்ற மனிதருக்கு இந்த நியாயம் எங்கேயோ கேட்டுப் பழகியதாக இருந்தது.

"நட்ட கொஞ்ச நாள்ல எல்லாம் உதிர்ந்துபோகும். அதுவும் நல்லதுக்குத்தான். அப்புறம் முளைக்கும். ஆனா உங்களுக்கு ஒண்ணு வெளிப்படையா சொல்லிடறேன் சார். உங்க பின்பக்கம் கொஞ்சம் சுமார். இருக்கற அத்தனையையும் எடுத்தாத்தான் முன்னால ஒரு மாதிரி தெரியும். பின்னால வெறிச்சோடிடும். யோசிச்சுட்டு வாங்க."

நெற்றியில் கோட்டோடு வீட்டுக்கு வந்தார். மனைவி சமையலறைக் குழாயடியில் குடம் வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க இது, தலையில எல்லைத் தகராறா?"

அவர் எல்லாவற்றையும் சொன்னார். அவள் குழாயை மூடாமலே கேட்டாள்.

"பின்னால இருக்கறதையா பிடுங்கறாங்களாம்?"

"ஆமா. அது யார் கண்ணுக்கும் தெரியாத இடம்தானே?"

"யார் கண்ணுக்குத் தெரியாது? கல்யாணம் ஆன நாள்லேருந்து நான் பாத்துட்டு நிக்கறது அதைத்தான். காலையில வாசல்ல இறங்கிப் போறப்ப ஒருநாளாவது திரும்பிப் பாத்திருக்கீங்களா? உங்க முகம் எனக்கு அரைகுறையாத்தான் தெரியும். பின்னந்தலை மனப்பாடம்."

கண்காணிப்பாளர் பின்னந்தலையைத் தடவிப் பார்த்தார். திரும்பி அவளைப் பார்க்கலாம் என்று நினைத்தார். அதற்குள் குடம் நிரம்பி வழிந்தது. பேச்சு தண்ணீர்ப் பக்கம் போய்விட்டது.

மறுநாள் இயக்குநரிடம் மருத்துவர் சொன்னதை ஒரு சொல் விடாமல் ஒப்பித்தார். அதுதான் அவர் செய்த தவறு. வைத்திய விஷயத்தை அலுவலகக் குரலில் சொன்னார்; இயக்குநரும் அதை அலுவலகக் காதால் கேட்டார்.

"இன்னொரு தடவை சொல்லுங்க."

"புதுசா எதுவும் உண்டாக்க வேண்டாம் சார். பின்னால இருக்கறதை எடுத்து முன்னால நட்டா, பாக்கறவங்களுக்கு நிறைஞ்சு தெரியும். பின்னால யாரும் பாக்கறதில்ல."

இயக்குநர் எழுந்து நின்றுவிட்டார். "அடடா! என் தலையிலயே செஞ்சிருக்காங்க, எனக்கு உறைக்கலையே! முகப்புக் கூடத்துல அத்தனை கவுன்ட்டர் போட்டுட்டு ஆளில்லாம தவிக்கறேன். பின்கட்டுல எத்தனை பேர் இருக்காங்க?"

"நிறைய பேர் இருக்காங்க சார். ஆனா அவங்கதான் உடைஞ்ச குழாயை ஒட்டறாங்க, வால்வு திறக்கறாங்க..."

"ஜனங்க யாராவது அவங்களைப் பாத்திருக்காங்களா?"

"குழிக்குள்ள இருப்பாங்க சார். தெரியாது."

"வேலையை விட்டுப் போறாங்களா?"

"இல்ல சார். கடைசிவரை இருப்பாங்க."

"உதிராதவங்க! பிடுங்குங்க!"

சுற்றறிக்கை அன்று மாலையே வந்தது. "பொதுமக்களின் பார்வைக்கு எட்டாத பகுதிகளில் தேவைக்கு மிகுதியாகச் செழித்திருக்கும் பணியாளர் அடர்த்தியை, பார்வைக்கு எட்டும் பகுதிகளுக்கு இடம்பெயர்த்து நடுவதெனவும், மேற்படி அடர்த்தியை ஈந்தருளும் பழுதுநீக்கப் பிரிவு இனி 'கொடைப் பிரிவு' எனப் பெருமையுடன் அழைக்கப்படும் எனவும் இதன்மூலம் ஆணையிடப்படுகிறது."

முடி அடர்த்தி பார்த்துத் தேர்வு நடந்தது. முதலில் தேறியவன், எல்லோரும் ஸ்பேனர் என்று கூப்பிடும் தலைமை ஃபிட்டர். நெற்றியிலிருந்து பிடரி வரை கரடிபோல் முடி. பூமிக்கடியில் எந்தக் குழாய் எங்கே திரும்புகிறது என்று தெரிந்த ஒரே ஆள். அவனுக்கு டை கட்டிவிட்டு, "உங்கள் குறை எங்கள் பெருமை" என்று சொல்லப் பழக்கினார்கள். ஒரே வாரத்தில் நகம் சுத்தமாகிவிட்டது. பின்கட்டில் மிஞ்சியவர் கண்காணிப்பாளர் ஒருவர்தான். சுழல்நாற்காலி, அவர் தலை தயாராகும்வரை, காலியாகவே வைக்கப்பட்டிருந்தது.

முகப்புக் கூடம் அமோகமாக நடந்தது. உள்ளே நுழைந்தால் வணக்கம், உட்கார்ந்தால் குளிர்ச்சி. பெயர் சொல்லிக் கூப்பிட்டு, குறையை முழுதாகக் கேட்டு, கண் கலங்கவும் பழகியிருந்தார்கள் ஃபிட்டர்கள். வெளியே போகும் வழியில் இரண்டு பொத்தான்கள்: ஒன்றில் சிரித்த முகம், ஒன்றில் சுளித்த முகம். தண்ணீர் வராத தெருக்காரர்கள் வந்தார்கள், சொன்னார்கள், சிரித்த முகத்தை அழுத்திவிட்டுப் போனார்கள். குறைகள் யாவும் கொடைப் பிரிவுக்கு அனுப்பப்பட்டன. கண்காணிப்பாளர் அவற்றைப் பெற்றுக்கொண்டதாக உடனுக்குடன் பதில் அனுப்பினார். வால்வு திறப்பது அவர் பதவிக்குரிய வேலை அல்ல. எப்படித் திறப்பதென்றும் தெரியாது.

ஒருநாள் அவர் வீட்டிலேயே குழாய் காற்றை மட்டும் விட்டது.

"உங்க ஆபீஸ்தானே, யாரையாவது அனுப்பக் கூடாதா?" என்றாள் மனைவி.

அனுப்பலாம். ஆனால் முகப்பில் பதிவாகாத குறை பின்கட்டுக்கு வரக்கூடாது என்பது விதி. அவர் விதியை மீறுகிறவர் அல்ல. அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, கட்டடத்தைச் சுற்றி வந்து, தன் அலுவலகத்துக்குள் முன்வாசல் வழியாக முதல்முறையாக நுழைந்தார்.

"வணக்கம். உங்கள் குறை எங்கள் பெருமை" என்றான் ஸ்பேனர்.

"டேய், நான்டா. எங்க தெருவுல தண்ணி வரலைடா."

"ரொம்ப வருத்தமா இருக்கு சார்." வருத்தம் நிஜமாகவே அழகாக இருந்தது. "எத்தனை நாளா சார்?"

"அது கிடக்கட்டும். முக்குல இருக்கற வால்வு அடைச்சிருக்கும். உனக்குத்தான் தெரியுமே. ஒரு நடை வந்து..."

"நான் முன்னால வந்துட்டேன் சார். பழையபடி குழிக்குள்ள இறங்கினா டை என்ன ஆகறது? நீங்க கவலையே படாதீங்க. பின்னால கொடைப் பிரிவுல ஒரு கண்காணிப்பாளர் இருக்கார். அவருக்கு அனுப்பிடறேன்."

"அது நான்தான்டா!"

"அப்ப வேலை முடிஞ்ச மாதிரிதான் சார்" என்று ஸ்பேனர் எழுந்து நின்று கைகூப்பினான்.

கண்காணிப்பாளரும் பதிலுக்குக் கைகூப்பினார். இத்தனை மரியாதையாக அவரோடு யாரும் பேசியதில்லை. கண்ணாடிச் சுவர் வழியே வெயில் வந்து தோளில் விழுந்தது. காலியான சுழல்நாற்காலி பக்கத்தில் இருந்தது. வெளியேறும்போது சிரித்த முகத்தை அழுத்தினார். உண்மையைச் சொன்னால், வரவேற்பில் ஒரு குறையும் இல்லை. வாசற்படியில் நின்றபடியே மருத்துவருக்குப் போன் செய்து நாள் குறித்துவிட்டார்.

பின்னால் இருந்த அத்தனையும் முன்னால் வந்தது. உதிர்ந்தது; மறுபடியும் கொஞ்சம் முளைத்தது. சுழல்நாற்காலி கிடைத்தது. எதிரிலிருந்து பார்த்தால் லட்சணமாகத்தான் இருக்கிறார். யாரும் பின்னால் போய்ப் பார்த்துவிடாதபடி நாற்காலியைப் பின்சுவரோடு ஒட்டிப் போட்டுக்கொண்டார். கொடைப் பிரிவில் ஆளில்லாததால் அது வெற்றிகரமாக முடிவுற்றதாக அறிவிக்கப்பட்டுப் பூட்டப்பட்டது. அவருடைய மனைவிகூட ஒருநாள் வெறுங்குடத்தோடு வந்தாள். சண்டை போடத்தான் வந்தாள். சோபாவில் உட்கார்ந்ததும் குளிர்ச்சி சுகமாக இருந்தது. எழுந்து போகும்போது அவளும் சிரித்த முகத்தையே அழுத்தினாள்.

அந்த ஊரில் இப்போது எந்தத் தெருவிலும் தண்ணீர் வருவதில்லை. ஆனால் தண்ணீர் வரவில்லை என்று சொல்வதற்கு இவ்வளவு அழகான இடம் வேறெங்கும் கிடையாது என்று ஊர்க்காரர்கள் பெருமையாகப் பேசிக்கொள்கிறார்கள். அதை நேரில் பார்த்துக் கற்றுக்கொள்ள வெளியூர்களிலிருந்து குழுக்கள் வந்தபடி இருக்கின்றன. நம் ஊர்க் குழு போன வாரம்தான் போய்விட்டு வந்தது. ரொம்பவும் பிடித்துப்போயிற்றாம்.