தனிமையில் ஓர் ஆள் தேவை

சங்கத்துக்குப் பெயர்ப்பலகை வந்துவிட்டது, நாற்காலிகள் வந்துவிட்டன, தொண்டர்களும் கூட்டமாக வந்துவிட்டார்கள். தனிமையில் வாடும் முதியவர்தான் இன்னும் ஒருவர்கூட வரவில்லை. சங்கத்தை ஆரம்பித்த ரிட்டயர்டு மேனேஜர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

குற்றம் தெருவுடையது. பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து அனுப்பும் பணம் ஒருபக்கம், பென்ஷன் ஒருபக்கம். எல்லோரிடமும் காசும் இருந்தது, பொழுதும் இருந்தது. வீட்டுக்கொருவர் தொண்டு செய்யக் கிளம்பிவிட்டால் அதை வாங்கிக்கொள்ள ஆளுக்கு எங்கே போவது?

"அடுத்த மாசம் நேர்ல வந்து பாப்பேன். யாருக்காவது உதவியிருக்கணும். இல்லேன்னா மூடிடுங்க" என்று சொல்லிவிட்டார், இடமும் பணமும் கொடுத்த மருந்துக்கடை முதலாளி.

சங்கம் போனால் மேனேஜருக்கு மிஞ்சுவது, மனைவி இல்லாத வீடும் ஓடாத கடிகாரமும்தான். எதிர்வீட்டில் தனியாக இருந்த டீச்சரிடம் போய் நின்றார்.

"டீச்சர், நீங்க கொஞ்ச நாள் தனிமையில வாடணும்."

"அதுக்கென்ன, வாடிட்டாப் போச்சு. வியாழக்கிழமை சாயங்காலம் வாங்க."

போனார். டீச்சர் வாடவில்லை. விழுந்து விழுந்து சிரித்தார்.

"கொஞ்சம் சோகமா இருங்க டீச்சர்."

"இருக்கேன். பொண்ணு போன் பண்ணாளா? ராத்திரி என்ன சாப்பிட்டீங்க?"

பதில் சொல்லப்போய் மனைவியைப் பற்றிப் பேச ஆரம்பித்து, மேனேஜர் அழுதுவிட்டார். சங்கத்துக்காக எடுத்த போட்டோவில் வாடியிருந்தது அவர் ஒருவர்தான்.

அதன்பின் புதன்கிழமையே சட்டைக்கு இஸ்திரி போட ஆரம்பித்தார். வியாழன் சாயங்காலத்துக்காக வாரம் முழுக்க ஏங்கினார்.

முதலாளி வரும் நாள் நெருங்கியது. டீச்சர் தனியாகத் தெரியட்டுமே என்று மேனேஜர், "கொஞ்ச நாளைக்கு அவங்க வீட்டுப் பக்கம் போகாதீங்க" என்று தெருவில் சொல்லிவைத்தார். டீச்சருக்கு என்னவோ ஏதோ என்று பதறி, முதலாளி வந்த நாளில் தெருவே அங்கே திரண்டுவிட்டது. நடுவில் டீச்சர் சிரித்துக்கொண்டிருந்தார்.

முதலாளி சுற்றிப் பார்த்தார். டீச்சரிடம் ஏதோ பேசினார். போனில் பேசிக்கொண்டே மேனேஜரைத் தாண்டி வெளியே நடந்தார். இனி வியாழக்கிழமை இல்லை என்று மேனேஜர் பின்னாலேயே ஓடினார். முதலாளியின் காரைத் துடைத்துக்கொண்டிருந்த டிரைவரிடம்தான் கேட்க முடிந்தது.

"ஏம்பா, இனிமே நான் இங்க வரவே முடியாதா?"

"நீங்க வராம எப்படி சார்? டீச்சரம்மா நடத்துற சங்கத்துக்கும் எங்க முதலாளிதான் பணம் குடுக்கறாரு. அதுல அவங்க கவனிச்சுக்கற ஒரே ஆளு நீங்கதானே."