எண்ணூறு பேரை விழுங்கிய டிஸ்க்

முதல் டிரைவிலிருந்து தேங்காய் துருவுகிற மாதிரி சத்தம் வந்ததும் கம்ப்யூட்டர் ஆபரேட்டர் மாணிக்கவாசகம் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார். எண்பத்தாறாம் வருடம். ஹெப்பாள் தொழிற்சாலையின் எண்ணூறு தொழிலாளர் விவரமும் அந்த டிஸ்க்கில்தான் இருந்தது. அடுத்த வாரம் அவருக்கு வேலை நிரந்தரமாக வேண்டும்.

"முனிராஜ், ஆஃப் பண்ணிட்டு மறுபடி போடுங்க!"

"ஆயித்து சார், போட்டாச்சு," என்றார் அட்டெண்டர் முனிராஜ். சத்தம் இரட்டிப்பானது.

டிஸ்க்தான் கெட்டிருக்கும் என்று மாணிக்கவாசகம், பீரோவில் இருந்த நகல் டிஸ்க்கை அதே டிரைவில் மாட்டினார். அதையும் டிரைவ் துருவித் தள்ளியது.

"டிரைவ்தான் கோளாறோ என்னமோ, சார்."

"அதான் நானும் நினைச்சேன்!" என்று கீறல் விழுந்த முதல் டிஸ்க்கை இரண்டாவது டிரைவுக்கு மாற்றினார். அது அந்த டிரைவின் படிக்கும் முனையை உடைத்தது. பிள்ளையார் பிடிக்கக் குரங்கானது என்பார்கள். இவர் நேராகக் குரங்கையே பிடித்துவிட்டார்.

காகிதப் பதிவேடுகளை, கம்ப்யூட்டர் வந்த மிதப்பில் போன வருடமே எடைக்குப் போட்டிருந்தார்கள்.

மேனேஜர் பட்டாபிராமன் ஒரு கமா விட்டுப்போனாலும் மெமோ கொடுப்பவர். மாணிக்கவாசகம் ராஜினாமாக் கடிதத்தோடு போய் நின்றார்.

"எல்லாமே போயிடுத்தா?"

"ஆமா சார்."

"நன்னா பாத்தியா? ஒண்ணுமே மிச்சமில்லையா?"

"ஒரு எழுத்துகூட இல்ல சார்."

பட்டாபிராமன் கடிதத்தை வாங்கிக் கிழித்தார். "மெஷின்னா கெடத்தான் செய்யும். ஆளுக்கொரு பாரம் குடுத்து விவரத்தை எழுதி வாங்கிக்கோ. ஒன் வேலைக்கு நான் பொறுப்பு."

மாணிக்கவாசகத்துக்குக் கண் கலங்கிவிட்டது. இவரையா இத்தனை நாள் சிடுமூஞ்சி என்று திட்டினோம்! கும்பிட்டுவிட்டு வந்தார்.

பாரத்தை நிரப்பிக் கொண்டுவந்தவர்களும் சும்மா வரவில்லை. ஒருவர் நஞ்சன்கூடு ரசவாழைச் சீப்பு வைத்தார். லேத் பிரிவு ரத்தினசாமி மாணிக்கவாசகத்தின் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க நல்லாயிருக்கணும் சார்," என்றார். தப்பு செய்தவனுக்கு இவ்வளவு அன்பா என்று மாணிக்கவாசகம் நெகிழ்ந்துபோனார். ஊரே தெய்வமாகத் தெரிந்தது.

கடைசிப் பாரத்தை முனிராஜ் நீட்டினார்.

"இதையும் ஏத்திருங்க சார். பாரத்துல எல்லாருக்கும் அஞ்சு வயசு கொறைஞ்ச மாதிரி, இந்த மாசம் ரிட்டையர் ஆக வேண்டிய நம்ம மேனேஜருக்கும் ஏழு கொறைஞ்சிருக்கு."