பன்னால் பறிபோன மூன்றாம் இடம்

சிகுல்டா,
ஞாயிறு, ஓயாத பனி

அன்பும் கோபமும் குறையாத தங்கை வெல்தாவுக்கு, அண்ணன் எல்மார்ஸ் விறைத்த விரல்களால் எழுதிக்கொண்டது. இங்கு நலம். அங்கே நீயும் உன் பேக்கரி அடுப்பும் நன்றாகவே கொதித்துக்கொண்டிருப்பீர்கள். இனி நான் எழுதப்போவதை லாட்வியாவில் ஒரு ஜீவனும் நம்பாது என்று சத்தியம் செய்துவிட்டே தொடங்குகிறேன்.

உலகப் போட்டி நேற்று முடிந்தது. பாப்ஸ்லே என்ற பனிவண்டிப் பந்தயத்தில் ஜெர்மன்காரர்கள் ஜெயித்தார்கள். அது செய்தியே இல்லை. ஸ்கெலிட்டன் பலகைச் சறுக்கலில் இறங்கிய உன் மகன் ராய்விஸ் விஷயத்துக்கு வருகிறேன். "மெடல் வாங்கலேன்னா நேரா வந்து மாவு பிசையணும்" என்று அவனிடம் கறாராகச் சொல்லி அனுப்பினாய் அல்லவா? வாங்கினான், வெல்தா! பலகையில் குப்புறப் படுத்து, தலை முன்னே போக அவன் வந்த வேகத்தில் அவனுடைய நிழல் மேல் வளைவிலேயே தங்கிவிட்டது. இன்று காலையில்தான் நடந்து கீழே வந்து சேர்ந்தது. கீழே வந்து தலைக்கவசத்தைக் கழற்றிச் சிரித்தான் பார், அந்தச் சிரிப்பில் ஓடுபாதையின் பனிக்கட்டி முழங்கால் ஆழத்துக்கு உருகிப்போனது. மூன்றாம் இடம்! நான் கத்திய கத்தலில் எஸ்தோனியாவில் மாடுகள் மிரண்டன.

அப்புறம் எடை போட்டார்கள். ஆளும் பலகையும் சேர்ந்து இவ்வளவுதான் என்று வரம்பு உண்டே, அதைத் தாண்டி ஏறிவிட்டது முள். நடுவர் என்னைப் பார்த்தார்.

"என்னய்யா போட்டீங்க இவனுக்கு?"

"எங்க தங்கச்சி கொடுத்தனுப்பின பன்றிக்கொழுப்பு பன்னுங்க."

"எத்தனை?"

"கூடை காலிங்க."

"கூடையையும் சேத்தா தின்னான்?"

பட்டியலிலிருந்து அவன் பேரை அடித்துவிட்டார்கள். ஆகவே குற்றம் உன் கைப்பக்குவத்தினுடையது. மாவு பிசைய அவனைக் கூப்பிட உனக்கு வாயே இல்லை. எனக்கும் அலுத்துவிட்டது, தாயே. உங்கள் இருவருக்கும் நடுவே தூது போய்ப் போய், பனியில் நின்று நின்று, என் கால் எது, வேலிக்கட்டை எது என்று தெரியவில்லை.

உன் அடுப்பு அணையாமலும் கோபம் அணைந்தும் இருக்க வாழ்த்தும்,
அண்ணன் எல்மார்ஸ்

பி.கு.: ராய்விஸ் என் தோளுக்குப் பின்னால் நின்று படித்துவிட்டான். "மாமா, அம்மாகிட்ட புளுகாதீங்க, உள்ளதை எழுதுங்க" என்கிறான். எழுதுகிறேன். கடைசிக்கு முந்தின இடம். கடைசி ஆள் கவிழ்ந்தவர். எடை சரியாகத்தான் இருந்தது. பன்களைத் தின்றது நான். வெள்ளிக்கிழமை பேருந்தில் வருகிறான், சொன்னபடி மாவு பிசைய. ஆனால் அந்தச் சிரிப்பு மட்டும் நிஜம், வெல்தா. உன் பேக்கரியில் அவன் அப்படிச் சிரித்து நான் ஒருநாளும் பார்த்ததில்லை.