வீரராகவன் எழுப்பிய சுவர்

வீரராகவன் பல் விளக்கிக்கொண்டே சபதம் போட்டார். வாய் நிறைய நுரை. யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. கொப்பளித்துவிட்டு மறுபடி போட்டார்.

"செவுரு எழுப்பப் போறேன்! இனிமே அந்த ஊட்டுலேர்ந்து ஒரு பேச்சு, ஒரு சிரிப்பு, ஒரு கொழம்புக் கிண்ணம் இந்தப் பக்கம் தாண்டக் கூடாது!"

அந்த ஊடு என்றால் பக்கத்து வீட்டு செபாஸ்டியன் வீடு. செபாஸ்டியன் கொலை, கொள்ளை எதுவும் செய்யவில்லை. அதைவிட மோசம். பூந்தமல்லியில் வீரராகவன் தொண்டை கிழியப் பேரம் பேசி வாங்கிய தண்ணீர் டேங்க்கை, அதே கடையில் அடுத்த வாரமே இன்னும் குறைவாக வாங்கிவிட்டார். வாங்கியதோடு விட்டாரா? முள்வேலியோரம் நின்று சிரித்துக்கொண்டே சொல்லவும் சொன்னார். பழைய இரும்புக் கடையில் எடுபிடியாகச் சேர்ந்து, பிறகு அந்தக் கடையையே பேரம் பேசி வாங்கிய மனுஷனுக்கு இது தாங்குமா?

சாமுண்டீஸ்வரிக்கோ அந்த வேலிதான் உலகம். சமையல் முடிந்ததும் பின்கட்டில் இந்தப் பக்கம் இவள், அந்தப் பக்கம் செபாஸ்டியன் மனைவி சாராள். சுவர் வந்தால் எல்லாம் போச்சு. ஆனாலும் புருஷனிடம் அவள் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. மேஸ்திரி தினகரன் அளவெடுக்க வந்தபோது மட்டும் அவரிடம் என்னவோ விசாரித்துக்கொண்டாள்.

முத்தாபுதுப்பேட்டையில் அவர்கள் மனை நல்ல சரிவு. பின்கட்டு மேடு, தெருப்பக்கம் பள்ளம். சமையலறை வாசலில் கைதவறிய எலுமிச்சம்பழம் தெருக் கேட்டில் போய்த்தான் நிற்கும்.

"படிப்படியா எறக்கிக்கினு வந்தா எல்லா எடத்துலயும் ஆளுயரம் நிக்கும் சார்," என்றார் மேஸ்திரி.

"ஆமாய்யா, படியாவே கட்டச் சொல்லு," என்றாள் சாமுண்டீஸ்வரி. "அதான் சரி."

அவ்வளவுதான். எதிராளி முதலில் சொல்வதை ஒப்புக்கொள்வது வீரராகவன் பரம்பரையிலேயே கிடையாது.

"இன்னா சரி? செவுரா, மொட்டமாடிப் படிக்கட்டா? பாக்குறவன் சிரிக்க மாட்டான்? செவுத்து உச்சி ஒரே மட்டமா இருக்கணும்! கேட்டாண்ட என் தலைக்கு மேல ஒரு முழம். அங்கேர்ந்து ரசமட்டம் வெச்சி நேரா அடிச்சிக்கினு போ!"

"அப்டிப் போனா பின்னாடி வந்து சார்..."

"பின்னாடி இன்னும் நாலு லோடு செங்கல் வோணும்னுவே! என்னாண்டயேவா?"

"சொன்னாக் கேளுய்யா, படிதான்..."

"படி பேச்சை எடுத்தே, தெரியும் சேதி!"

"என் பேச்சு இந்த ஊட்ல என்னைக்கு எடுபட்டுச்சு?" மூக்கை உறிஞ்சிக்கொண்டு உள்ளே போனாள்.

வேலை மும்முரமாக நடந்தது. வீரராகவன் தினமும் கடையிலிருந்து திரும்பியதும் கேட்டருகே நின்று கையை உயர்த்திப் பார்ப்பார். சுவர் உச்சி கைக்கு எட்டாத நாளில் மீசையை முறுக்கிக்கொண்டார். பின்கட்டுப் பக்கம் மட்டும் எட்டிப் பார்க்கவில்லை. அங்கே போனால் செபாஸ்டியன் மூஞ்சி தெரியும். சபதம்!

ஞாயிற்றுக்கிழமை சுவர் முடிந்தது. கேட்டிலிருந்து சுவரோரமாகவே மிடுக்காக நடந்தார். உச்சி முதலில் தலைக்கு மேலே இருந்தது. கொஞ்சம் ஏறியதும் காது மட்டம். ஜன்னலருகே மார்பு. சமையலறை வாசலில் இடுப்பு. சுவர் ஒரு நூல் இறங்கவில்லை, தரைதான் ஏறியிருந்தது.

இடுப்புயரச் சுவர்மேல் இரண்டு காப்பி டம்ளர், ஒரு தட்டு வஞ்சிர வறுவல். பக்கத்தில் சாராளின் இரண்டு முழங்கைகள்.

"முன்னெல்லாம் முள்ளு குத்தும்க்கா. அண்ணன் நமக்குன்னே மேசை போட்டுக் குடுத்துட்டாரு!"

"எங்கடா அந்த மேஸ்திரி!" என்று கத்தினார் வீரராகவன்.

"அந்தாளு மேல ஏன் பாயுற? நான்தான் படியா கட்டச் சொன்னேனே, கேட்டியா?" என்று சிரித்தாள் சாமுண்டீஸ்வரி.

நியாயம்தான். வாயை மூடினார். மறுபடி திறந்தார்.

"இரு. படிதான் வோணும்னா, இப்ப ஏன் சிரிக்கிற?"

"மட்டமா கட்டுன்னு நான் சொல்லியிருந்தா நீ கட்டியிருப்பியா?"

அந்தப் பக்கம் செபாஸ்டியன் வந்து சுவரைத் தட்டிப் பார்த்தார். "நல்லா கீது அண்ணாத்தே! செங்கல் இன்னா வெலைக்கு முடிச்சீங்க?"

சாமுண்டீஸ்வரி ஒரு துண்டு மீனை எடுத்துப் புருஷன் வாயில் வைத்தாள். வீரராகவன் மென்றுகொண்டே ஏதோ சபதம் போட்டார். யாருக்கும் ஒன்றும் புரியவில்லை.

இந்தத் தடவை அவர் கொப்பளிக்கவில்லை. இன்னொரு துண்டு எடுத்துக்கொண்டார்.