தோய்க்காத சாரம் பற்றிய கடிதப் போக்குவரத்து

அரசாங்க உறைக்குள் போன எதுவும் சும்மா திரும்பி வராது. இதை நான் என் அக்காவின் மானத்தைச் செலவழித்துப் படித்தேன்.

எண்பதுகளின் தொடக்கம். பட்டம் வாங்கிய கையோடு முல்லைத்தீவில் ஓர் அரசாங்கத் திணைக்களத்தில் கடிதங்கள் எழுதும் லிகிதர் வேலை. (நாட்டையே நான்தான் நடத்துகிறேன் என்ற நினைப்பு.) எங்கள் திணைக்களத்துக்கு வளைகுடா நாடொன்றிலும் ஓர் அலுவலகம் இருந்தது. அந்த நாட்டுக்கு வேலைக்குப் போன அன்ரன் அத்தானிடமிருந்து ஏழு மாதமாகக் கடிதம் இல்லை. தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டால் அக்கா குசினியிலிருந்து ஓடி வருவாள்; வெறுங்கையோடு திரும்பிப் போய் அடுப்பை ஊதுவாள். அவர் தன்னை மறந்துவிட்டாரோ என்று ஒருநாளும் வாய்விட்டுக் கேட்டதில்லை.

"கடிதத்தைத் தா. கந்தோர் உறைக்குள்ள வைச்சு விடுறன்" என்றேன்.

"பிழை ஒண்டும் வராதே?"

"நானல்லோ அனுப்புறன்."

அந்த உறைக்குள் போகும் ஒவ்வொரு தாளும் இலக்கமிடப்பட்டு, ஆங்கிலமாக்கப்பட்டு, மூன்று பிரதி எடுக்கப்படும் என்ற விதியை நான் வாசித்திருக்கவில்லை. (விதியெல்லாம் மற்ற ஆக்களுக்கு.)

இரண்டு மாதத்தில் மறுமொழி கொழும்பு வழியாக வந்தது, பிரதம லிகிதரின் பெயருக்கு. அத்தானைக் கூப்பிட்டு, அக்காவின் கடிதத்தைப் பந்தி பந்தியாக வாசித்துக் காட்டி அவரிடம் வாக்குமூலம் வாங்கியிருந்தார்கள். அவர் பாலைவனத்துக்குள் வேறு முகாமுக்கு மாற்றப்பட்டதும், போட்ட கடிதங்கள் எங்கோ தங்கிவிட்டதும் இரண்டாம் பந்தியில் இருந்தன. பிரதம லிகிதர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டு, கந்தோர் முழுக்கக் கேட்கும்படி தமிழில் சொல்லிக்கொண்டு போனார்.

"பந்தி நாலு. கணவர் உடுத்துக் கழற்றிய, தோய்க்காத சாரம் ஒன்றைத் தலையணைக்குக் கீழே வைத்திருப்பதாக மனைவி தெரிவிக்கிறார். கணவருக்கு ஆட்சேபனை உண்டா?"

நான் மேசைக்குக் கீழே இடம் பார்த்தேன்.

"ஆட்சேபனை இல்லை. தோய்க்க வேண்டாமெனக் கேட்டுக்கொள்கிறார்."

ஒருவரும் சிரிக்கவில்லை. பிரதம லிகிதர் கோவைகள் அடுக்கிய அலுமாரியைப் பார்த்தார். "தம்பி, இதை எந்தக் கோவையில போடுறது?"

ஒரு பிரதியை வீட்டுக்குக் கொண்டுபோனபோது அகப்பையால் அடி விழும் என்று நினைத்தேன். அக்கா நாலாம் பந்தியை மூன்று தரம் வாசிக்கச் சொன்னாள். அத்தானின் கையொப்பத்தில் விரலை வைத்தபடி இருந்தாள். கோவையை மூடப்போகிறார்களாம் என்றேன்.

"அவர் வந்து சேரட்டும். பிறகு மூடச் சொல்லு."

மூடாத கோவைக்கு நினைவூட்டல் வரும். சாரம் தொடர்பாக எடுத்த நடவடிக்கை என்னவென்று மூன்று மாதத்துக்கொரு தரம் கொழும்பு கேட்டது. நான் அக்காவிடம் விசாரித்து, இன்னும் தோய்க்கப்படவில்லை என்று மூன்று பிரதியில் அறிவித்தேன். ஒருமுறை விசாரித்தபோது, "மணம் போகுதடா" என்றாள். அதை நான் கொழும்புக்கு எழுதவில்லை.

அடுத்த வருசம் அத்தான் வந்தார். அன்றைக்கே அக்கா அந்தச் சாரத்தைக் கிணற்றடியில் அடித்துத் தோய்த்தாள். இன்றைக்கும் அவரின் சாரத்தை அவள் கொடியில் விரித்தால் மகள் கேட்காமல் விடமாட்டாள்.

"அம்மா, கொழும்புக்கு அறிவிச்சாச்சோ?"

அத்தான் கதிரையை விட்டு எழும்பாமலே சொல்வார்: "மூண்டு பிரதி, பிள்ளை."