ஏழு கணினிகளைத் தேடி உடையார்பாளையம் போனது

ஒரு பொருளை எண்ணத் தெரிந்தால் போதும், அது என்ன பொருள் என்று தெரிந்திருக்க வேண்டியதில்லை என்பது என் நெடுநாள் கொள்கை. சிமென்ட் ஆலை ஸ்டோர்ஸில் முப்பத்தோரு வருடம் அதை வைத்துத்தான் காலம் தள்ளினேன். எந்த போல்ட் எந்த இயந்திரத்துக்கு என்று கேட்டால் தெரியாது. எத்தனை போல்ட் என்று கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வேன். (சொல்லியும் இருக்கிறேன் என்பது என் மனைவியின் புகார்.)

ஓய்வுபெற்ற பிறகு பெரம்பலூரில் ஒரு தனியார் கல்லூரியில் அலுவலக மேலாளர் வேலை கிடைத்தது. வாங்கிக் கொடுத்தவன் கலைவாணன், என் மருமகனின் தம்பி. அங்கே கணினிகளைக் கவனித்துக்கொண்டிருந்தான். ஒப்பந்த வேலை, அந்த வருடம் நிரந்தரமாக வேண்டியது.

ஆய்வுக் குழு வரப்போகிறது என்று தாளாளருக்குக் கவலை. எல்லாக் கணினிகளிலும் புது அப்டேட் ஏறியிருக்கிறதா என்று அறிக்கை கேட்டார். ஒவ்வொரு கணினியும் தனக்கு ஏறிவிட்டதா இல்லையா என்று சர்வர் என்கிற தலைமைக் கணினிக்குத் தானாகவே தகவல் அனுப்பும். ஏறியதைப் பச்சையாகவும் ஏறாததைச் சிவப்பாகவும் சர்வர் காட்டும். சனிக்கிழமை ஊருக்குக் கிளம்பும்போது கலைவாணன் அந்தப் பட்டியலைத் திறந்து வைத்து, "மாமா, பிரிண்ட் மட்டும் எடுத்து வச்சிடுங்க. திங்கக்கிழமை வந்து சாருக்கு நான் வெளக்கிக்கிறேன்" என்றான்.

நான் பிரிண்ட் மட்டும் எடுத்திருக்கலாம்.

தாளில் அறுபத்து நான்கு பெயர்கள் இருந்தன. பழக்கதோஷம், அறை அறையாகப் போய் எண்ணினேன். ஐம்பத்தேழு. மறுபடி எண்ணினேன். அதேதான். கணினிகளில் ஒட்டியிருந்த பெயர்களோடு ஒப்பிட்டதில், காணாத ஏழும் சிவப்பு. வீட்டுக்குப் போய் ஒரு குட்டித் தூக்கம் போட்டிருந்தால் சூடு ஆறியிருக்கும். நான் தாளாளர் அறைக்குப் போனேன்.

"ஏழு கம்ப்யூட்டர் கொறையுதுங்க."

"யாரு பொறுப்பு?"

"கலைவாணன்." (உறவென்று பார்க்காமல் சொன்னதில் எனக்குப் பெருமைகூட இருந்தது.)

"உங்க சொந்தக்காரப் பையன்தானே? போலீஸ் கீலீஸெல்லாம் வேணாம். செக்யூரிட்டியக் கூட்டிக்கிட்டு நீங்களே போய்ப் பாத்துட்டு வந்துடுங்க. இருந்துச்சுன்னா இன்னையோட அவன் வேலை முடிஞ்சுது."

அன்றே கல்லூரி வேனில் உடையார்பாளையம். கலைவாணனின் வீடு; என் மகளைக் கட்டிக்கொடுத்த வீடும் அதுதான்.

சம்பந்தியம்மாள் முகமெல்லாம் சிரிப்பாக வந்தார். "வாங்க சம்பந்தி! ஒரு போன் பண்ணக் கூடாதா? கோழி அடிச்சிருப்பேன்ல. ஆமா, இது யாரு காக்கிச் சட்டையில?"

"கூட வேலை பாக்குறவருங்க" என்றேன். காபி வந்தது. அதைக் குடித்தபடியே மெதுவாகக் குனிந்து கட்டிலுக்கு அடியில் பார்த்தேன். முந்திரி மூட்டைகள். நான்கு.

"என்னப்பா தேடுறீங்க?" என்றாள் மகள்.

செக்யூரிட்டிக்குப் பொய் வராது. "காலேஜுல ஏழு கம்ப்யூட்டர் காணும்மா. இங்க இருக்கான்னு பாக்கச் சொன்னாங்க."

பேச்சு கேட்டு உள்ளேயிருந்து கலைவாணன் வந்தான். என் கையிலிருந்த தாளை வாங்கிப் பார்த்தான். கத்தியிருந்தால்கூடத் தேவலை.

"மாமா, போன வருசம் ஏழு மெஷினை ஃபார்மேட் பண்ணி வேற பேரு வச்சோம். பழைய பேரை லிஸ்ட்லேருந்து இன்னும் எடுக்கல. அந்தப் பேருல இப்ப மெஷினே இல்ல, அப்புறம் அப்டேட் எப்படி ஏறும்? செவப்பாத்தான் நிக்கும். கடைசியா எப்ப தகவல் அனுப்புச்சுன்னு ஓரத்துல தேதி இருக்குமே, பாக்கலியா?"

பார்க்கவில்லை. அந்தத் தேதி வரிசை தாளின் அகலத்துக்குள் அடங்காமல் வெட்டுப்பட்டிருந்தது. (குறுக்குவாட்டில் அச்சிட எனக்குத் தெரியாது.)

"சந்தேகம்னா எனக்கு ஒரு போன் போட்டுருக்கலாமே, மாமா."

திங்கட்கிழமை தாளாளர் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு மறந்துபோனார். கலைவாணன் மறக்கவில்லை. கைக்கு வரவிருந்த நிரந்தர வேலையை வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டு, அரியலூரில் ஒரு பிரிண்டர் ரிப்பேர் கடையில் சேர்ந்தான். அவன் இல்லாமல் நடந்த ஆய்வில் அறிக்கை பாதிக்குப் பாதி சிவப்பு. என்னையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

இப்போது எப்போது அந்த வீட்டுக்குப் போனாலும், சம்பந்தியம்மாள் காபியை நீட்டி, "மொதல்ல கட்டிலுக்கு அடியில பாத்துடுங்க சம்பந்தி, அப்புறம் நிம்மதியாக் குடிக்கலாம்" என்பார். வீடே சிரிக்கும். என் மகளின் சிரிப்புதான் எல்லோரையும்விடச் சத்தமாகக் கேட்கும். நானும் சிரித்து வைப்பேன்.

கலைவாணன் சிரிப்பதில்லை. இலை போட்டதும் வந்து மரியாதையாகக் கூப்பிடுவான்: "சாப்பிட வாங்க சார்."